பழைய ஓட்டு வீடு வாங்கும் முன்: கன்னியாகுமரி மாவட்டத்தில் கட்டடத்தைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருவட்டாறு, தக்கலை, பூதப்பாண்டி, குலசேகரம் வட்டாரங்களில் நூறு வயதை நெருங்கிய ஓட்டு வீடுகள் இன்னும் விலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். ஊரில் இருக்கும் ஒருவர் சாவியை வைத்துக்கொண்டு ஆள் தேடுவார். பார்க்கப் போகிறவரை நேராகப் பூமுகத்துக்கு (முன்வாசல் முகப்புக்கு) கூட்டிப்போவார். தூணின் கொத்துவேலை, கதவின் பித்தளைப் பூண், மச்சுப் பலகை (மச்சு என்பது கூரைக்கும் அறைக்கும் இடையில் உள்ள மரத்தளம்) எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வீட்டின் உண்மையான நிலைமையோ அடுக்களைக்குப் பின்னால், ஓடு முடிகிற இறவாரத்தில், கழுக்கோலின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தின்) அடிமுனையில் இருக்கிறது. அங்கே நீங்களாகத்தான் போக வேண்டும்.

இந்த வீடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் வாங்குகிற மாவட்டம் இது. மேற்கே மலையை ஒட்டிப் போகப் போக மழை கூடும். ஆகவே கீழே சொல்கிற எல்லாமே ஒரே கேள்வியின் கிளைகள்தான்: வீட்டின்மேல் விழுகிற தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது, எங்கே போகாமல் நிற்கிறது?

முதல் படி: யாரைக் கூட்டிப்போவது

பழைய வீட்டைச் சோதித்து அறிக்கை தருவதென்று நம் ஊரில் தனித் தொழில் வளரவில்லை. வங்கிக்கு மதிப்பீடு எழுதித் தரும் பொறியாளர் உண்டு. அவருடைய அறிக்கை சொத்தின் விலையைச் சொல்லும். உத்தரம் உளுத்திருக்கிறதா என்று சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேவைப்படுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர், கான்கிரீட் தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்குகிற கட்டடங்களில் வேலை செய்த சிவில் பொறியாளர். இன்னொருவர், ஓட்டுக்கூரை ஏற்றி இறக்கிப் பழகிய மர ஆசாரி. இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தால் நல்லது. பொறியாளர் சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விக்கு ஆசாரி மச்சில் இருந்துகொண்டே பதில் சொல்வார். விற்கிறவரின் தரகர் ஏற்பாடு செய்து தருகிற ஆள் மட்டும் வேண்டாம். கூலியை முன்கூட்டியே பேசுங்கள். அளவுகளோடு ஒரு கைவரைபடம், படங்கள், குறைகளின் பட்டியல் மூன்றும் எழுத்தில் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. காரை விட்டு இறங்கும்போதே "இடிச்சிட்டுப் புதுசா கட்டுங்க சார்" என்று சொல்கிற பொறியாளர்கள் இருக்கிறார்கள். மச்சில் ஏறிப் பார்க்காமலே விடை சொல்கிறவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

போவதற்கு முன் ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வாருங்கள் (திங்கட்கிழமை விடுமுறை). அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. ஆரோக்கியமான மரக்கூரையில் பொருத்துகள் எப்படி இறுகியிருக்கும், தூணின் அடி கல்லின்மேல் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதைக் கண் ஒருமுறை பார்த்துவிட்டால், சீக்கு வந்த வீடு தானாகவே தெரியும்.

இரண்டாம் படி: பத்திரத்திலிருந்து வயதைக் கண்டுபிடிப்பது

"இருநூறு வருஷ வீடு" என்று சொல்லாத தரகர் இல்லை. தாய்ப்பத்திரத்தைக் கேளுங்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கலாம், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டோடு (மலையாள ஆண்டுக் கணக்கு) 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதி என்றால் 824. 1112 என்று இருந்தால் 1936-37 என்று கொள்ளலாம். மலையாளம் படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் சொத்து விவரப் பகுதியை முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். வீடு ஓலையா ஓடா, கிணறு எங்கே, எத்தனை மரம் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பது உண்டு. கூரை எப்போது ஓலையிலிருந்து ஓட்டுக்கு மாறியது என்று தெரிந்தால் அது பெரிய தகவல். ஓலையைத் தாங்குவதற்கென்று போட்ட கழுக்கோல்கள் பிற்பாடு ஓட்டின் பாரத்தைச் சுமக்கின்றனவா என்று ஆசாரி பார்க்க வேண்டியிருக்கும்.

வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்து ஆகியவை எந்தச் சொத்துக்கும் பொதுவானவை; அவற்றை வழக்கறிஞரிடம் விடுங்கள். தாய்வழிச் சொத்துரிமை இருந்த குடும்பங்களின் வீடு என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தை மட்டும் கூடுதல் கவனத்தோடு பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: எப்போது போவது, எதை எடுத்துப்போவது

முடிந்தால் இரண்டு தடவை போங்கள். வெயில் நாளில் ஒரு தடவை; நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது, அல்லது பெய்து ஓய்ந்த அரைமணி நேரத்துக்குள், இன்னொரு தடவை. ஐப்பசி, கார்த்திகையில் இது எளிது. சித்திரையில் மட்டும் பார்த்து வாங்கிய வீட்டைப் பற்றி உங்களுக்குப் பாதிதான் தெரியும்.

நல்ல டார்ச், தூக்குக்குண்டு, அளவுநாடா, மெல்லிய ஸ்க்ரூடிரைவர், சிறு சுத்தியல், பென்சில் போதும். மரத்தின் ஈரம் அளக்கும் சிறு மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சை வளரத் தோதான இடம் என்று பொருள். சுவரில் வைத்தால் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது, ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட மட்டும் உதவும். அப்புறம், பழைய சட்டை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மச்சில் ஏறிவிட்டு வரும்போது காரணம் புரியும்.

நான்காம் படி: வீட்டைச் சுற்றி நடப்பது

உள்ளே போகாதீர்கள். முதலில் வெளியே ஒரு சுற்று.

தெருவுக்கும் வீட்டின் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பாருங்கள். கட்டிய காலத்தில் வீடு தெருவைவிட இரண்டு மூன்று படி உயரத்தில் இருந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பழைய தார்மேல் புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டது. இப்போது தெருத் தண்ணீர் முற்றத்துக்கு வருகிறது என்றால் வீட்டில் வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. அதற்கு வடிகால் போட இடம் இருக்கிறதா, தாழ்வான பக்கம் யாருடைய நிலம் என்று கேட்டு வையுங்கள்.

அடுத்து, நிலம். குளமும் வாய்க்காலும் வயலும் நெருக்கமான நாஞ்சில் நாட்டுப் பகுதியில் வயலை மண்போட்டு நிகத்திய இடத்தில் வீட்டின் ஒரு பகுதி பிற்காலத்தில் கட்டப்பட்டிருக்கலாம். அந்தப் பகுதி மட்டும் தனியாக இறங்கும். மேற்கே, ரப்பர் தோட்டச் சரிவுகளில், வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டித் தளம் எடுத்திருப்பார்கள். அங்கே கையாலை (மண்ணைத் தாங்கும் சுவர்) புடைத்திருக்கிறதா, அதன் அடியில் தண்ணீர் கசிய வழி விட்டிருக்கிறார்களா, மேலே இருந்து வரும் ஓடை எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். வழி விடாத கையாலை ஒரு பெருமழைக்கு வீட்டின் பின்சுவர்மேல் சாய்ந்துவிடும்.

2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தின் பல ஊர்களில் தண்ணீர் புகுந்தது. விற்கிறவரிடம் கேட்டால் "இங்கே வராது" என்பார். பக்கத்து வீட்டில் வயதான ஒருவரிடம் கேளுங்கள்: "பாட்டி, அந்த வெள்ளத்துல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துது?" 'வந்ததா' என்று கேட்காமல் 'எந்தப் படி வரைக்கும்' என்று கேட்டால் சரியான பதில் வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் எந்தப் பக்கத்து ஓடு போனது, எந்த மரம் விழுந்தது என்பதையும் அதே பாட்டியிடம் கேட்டுவிடலாம். அந்தப் புயலுக்குப் பிறகு அவசரமாக மாற்றிய கழுக்கோல்கள்தான் பல வீடுகளில் இப்போது முதலில் உளுக்கின்றன. கைக்குக் கிடைத்த ரப்பர் மரத்தை மருந்தில் ஊறவைக்காமல் போட்டிருப்பார்கள். அது வண்டுக்கும் கறையானுக்கும் சாப்பாடு.

இறவாரத்துக்கு நேர்கீழே தரையில் வரிசையாகக் குழி விழுந்திருக்கிறதா? சுவரின் அடியில் மண் தெறித்த கறை எவ்வளவு உயரத்துக்கு இருக்கிறது? கூரை நீட்டம் போதவில்லை அல்லது இறவாரம் அறுக்கப்பட்டிருக்கிறது என்று அதிலிருந்து தெரியும்.

ஐந்தாம் படி: சுவர்

சுவர் எதனால் ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். பூச்சு உதிர்ந்த ஒரு மூலையோ, மின்சாரப் பெட்டி பதித்த குழியோ எங்காவது இருக்கும். அங்கே பார்த்தால் தெரிந்துவிடும். செம்மண் சுவர், வெட்டுக்கல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல், அடியில் கருங்கல் என்று ஒரே வீட்டில் மூன்று வகைகூட இருக்கலாம். இரண்டு வகை சேருகிற இடத்தில் வெடிப்பு வருவது சகஜம்.

மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடுகிற பொருள்கள். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடுகிறது. பல வீடுகளில் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து "ஓதம் நிறுத்தியாச்சு" என்பார்கள். ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) நிற்காது, பூச்சுக்கு மேல் ஏறி, அங்கே உப்புப் பூத்துத் தோல் உரியும். முட்டியால் தட்டிப் பாருங்கள். பொந்தைத் தட்டியதுபோல் ஓசை வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. உள்ளே மண் கரைந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பூச்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போடுவது செலவுதான், ஆனால் செய்யக்கூடிய வேலை. பயந்து ஓட வேண்டியதில்லை.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்பு இன்னும் கடுமை. ஆணி, கீல், கம்பி எல்லாம் துரு ஏறிப் பருத்து மரத்தையே பிளக்கும். கடல் மணலைச் சாந்தில் கலந்திருந்தால் எவ்வளவு பூசினாலும் உப்பு வந்துகொண்டேதான் இருக்கும்.

இனி வெடிப்புகள். எல்லா வெடிப்பும் ஆபத்து அல்ல. திசையும் அகலமும்தான் பேச்சு. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாக இறங்கினால் அடித்தளம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. இரண்டு சுவர் சேரும் மூலையில் மேலே அகலமாகவும் கீழே மெல்லியதாகவும் இருந்தால் பெரும்பாலும் கூரை சுவரை வெளியே தள்ளுகிறது, அதன் காரணத்தை மச்சில்தான் தேட வேண்டும். பிற்காலத்துச் சாய்ப்பு (ஒட்டிக் கட்டிய சாய்கூரை) பழைய சுவரோடு ஒட்டும் இடத்தில் நேர்க்கோடாக ஒரு வெடிப்பு இருந்தால், அதற்குள் மழை போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். 5 மில்லிமீட்டருக்குள் இருப்பதைப் பொதுவாகப் பூசிச் சரிசெய்யலாம். 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் பொறியாளர் காரணம் சொல்லாமல் அடுத்த பேச்சு வேண்டாம்.

வெடிப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா? உள்ளே பழைய சிலந்திவலையும் அழுக்கும் படிந்திருந்தால் அது பழசு. விளிம்பு கூராகவும் உள்பக்கம் மண் புதுநிறமாகவும் இருந்தால் இப்போது நடப்பது. முன்பணம் கொடுப்பதற்கும் பத்திரப்பதிவுக்கும் இடையில் மூன்று மாதம் இருந்தால், வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சாந்து வைத்து ஒட்டினால், சுவர் அசையும்போது கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். மழைக்காலம் ஒன்றைத் தாண்டி உடையாமல் இருந்தால் நிம்மதி.

தூக்குக்குண்டைச் சுவரின் உச்சியிலிருந்து விட்டுப் பாருங்கள். சுவரின் கனத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வெளியே சாய்ந்திருந்தால் பாரம் சுவரின் நடுப்பகுதியை விட்டு விலகத் தொடங்குகிறது. 18 அங்குலச் சுவர் என்றால் 3 அங்குலம்.

ஆறாம் படி: மச்சில் ஏறுவது

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். ஆசாரியை முன்னால் விடுங்கள். எந்தப் பலகையில் மிதிக்கலாம் என்று அவருக்குத்தான் தெரியும்.

டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் இருட்டில் நில்லுங்கள். வெளிச்சம் எங்கெங்கே புள்ளியாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் ஓடு நகர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. ஓடு மாற்றுவது சின்ன வேலை. அந்த ஓட்டுக்கு நேர்கீழே உள்ள மரம் எத்தனை மழை நனைந்தது என்பதுதான் கவலை. ஆள் குடியிருக்கும் வீட்டில் ஓடு நகர்ந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் மூன்று வருடம் கழித்துத் தரகர் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசுகிற தோவாளை, முப்பந்தல் பக்கம் காற்றே ஓட்டைத் தூக்கிவிடும். அங்கே விளிம்பு வரிசைகளைக் கம்பியாலோ சாந்தாலோ இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் ஒரு சில மட்டுமே. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகள். கழுக்கோல்கள் இறவாரத்தில் முடியும் அடிமுனைகள். நடுமுற்றம் உள்ள நாலுகெட்டு வீடு என்றால், நான்கு கூரைகளும் உள்நோக்கிச் சரிந்து சேரும் மூலைகள். உள்பக்கச் சரிவுகளின் தண்ணீர் வந்து குவிகிற இடம் அந்த மூலை. அங்கே உள்ள பாத்தி (தண்ணீர் வடியும் வாய்) ஓட்டையானால் மூலைக் கழுக்கோல் முதலில் போகும். நான் நாலுகெட்டு வீடு பார்க்கும்போது அந்த நான்கு மூலைகளைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பேசுவேன்.

ஸ்க்ரூடிரைவரை அழுத்திக் குத்துங்கள். நல்ல மரத்தில் நுனி ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் இறங்கி நிற்கும். வெண்ணெயில் போவதுபோல் போனால் உள்ளே ஒன்றும் இல்லை. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும்.

கறையான் பட்டதெல்லாம் போனதாக நினைக்க வேண்டாம். தேக்கு, அயினி, பலா மரங்களில் நடுவில் உள்ள வைரத்தை (முற்றிய கெட்டி மரத்தை) கறையான் எளிதில் தொடாது. மேலே உள்ள வெள்ளையைத் தின்றுவிட்டு நிறுத்தும். பார்க்கக் கோரமாக இருக்கும், உள்ளே கெட்டியாக இருக்கும். பனங்கையில் (பனைமரச் சட்டத்தில்) நேர்மாறு: வெளியே வைரம், நடுவில் சோறு (மென்மையான பகுதி). வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே காலியாக இருக்கலாம். எனவே சுரண்டிவிட்டு மிச்சம் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். ஓர் எச்சரிக்கை: 6 அங்குல உயரமுள்ள உத்தரத்தில் அடியிலோ மேலேயோ ஓர் அங்குலம் போயிருந்தால், ஆறில் ஒரு பங்கு பலம்தான் குறைந்தது என்று தோன்றும். பாரம் தாங்கும் பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 36-க்கு 25 என்று கணக்கிட்டால் முப்பது சதவீதம் போய்விட்டது.

வண்டுத் துளையிலிருந்து மாவு மாதிரித் தூள் புதிதாகக் கொட்டியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. கூட்டித் துடைத்துவிட்டு, கறுப்புக் காகிதம் ஒன்றைக் கீழே விரித்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை போகும்போது பதில் காகிதத்தில் இருக்கும். அடுக்களைக்கு மேலே உள்ள மரம் புகை ஏறிக் கறுத்திருக்கும். அது நல்லதுதான், விறகடுப்புப் புகை பூச்சியை அண்ட விட்டதில்லை. கேஸ் அடுப்பு வந்து புகை நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பும் நின்றுவிட்டது.

கறையான் மருந்து அடித்ததாகச் சொன்னால் எந்த வருடம், என்ன மருந்து, ரசீது உண்டா என்று கேளுங்கள். கட்டி முடித்த கட்டடங்களுக்கு எப்படி அடிக்க வேண்டும் என்று ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி சொல்கிறது. சுவரோரம் துளையிட்டு மண்ணுக்குள் மருந்து போக வேண்டும். மரத்தின்மேல் மட்டும் தெளித்தது கண்துடைப்பு.

ஏழாம் படி: பிற்சேர்க்கைகள்

பழைய சுவர்மேல் கான்கிரீட் தளம் ஏற்றியிருந்தால், அதைத் தாங்கத் தனித் தூண் இருக்கிறதா என்று பாருங்கள். சுவர்மேல் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால் ஒரு டன் பாரம், இறக்கச் சொல்லிவிடலாம். படுக்கையறையோடு ஒட்டிக் கட்டிய கழிவறையின் மறுபக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பழைய மரப்பட்டி வயரிங் இருந்தால் சோதிக்கவே வேண்டாம், முழுக்க மாற்றுவதாகக் கணக்கு எழுதுங்கள். கிணற்றில் தண்ணீர் எந்த மாதம் எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்று கேட்டுவிட்டால் போதும்.

எட்டாம் படி: மாற்றக் கூடாத இடமா?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமா என்று வாங்கும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்திலும் நகர ஊரமைப்பு அலுவலகத்திலும் கேளுங்கள். சிதறால், வட்டக்கோட்டை போன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கட்ட முடியாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். இருக்கிற வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

ஒன்பதாம் படி: அறிக்கையை விலையாக மாற்றுவது

குறைகளை மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: அடுத்த மழைக்கு முன் செய்தே ஆக வேண்டியது, ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியது, காத்திருக்கக்கூடியது. ஒவ்வொன்றுக்கும் ஆசாரியும் கொத்தனாரும் தனித்தனியாகத் தொகை சொல்லட்டும். மச்சைப் பிரித்த பிறகுதான் தெரியவரும் வேலை எப்போதும் உண்டு; அதற்காக மொத்தத்தோடு இன்னொரு கால் பங்கைச் சேர்ப்பது என் வழக்கம்.

விலை பேசும்போது விற்கிறவர் சென்ட் கணக்கில் நிலத்துக்கும், கன அடிக் கணக்கில் மரத்துக்கும் விலை சொல்வார். பழைய மரம் வாங்கும் வியாபாரி ஏற்கெனவே ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு உளுத்த முனை கவலையில்லை, அறுத்துவிட்டு எடுத்துக்கொள்வார். உங்களுக்கு அந்த முனைதான் வீடு. முதல் பிரிவில் உள்ள வேலைகளின் தொகையை முழுக்கக் குறைக்கக் கேளுங்கள்; இரண்டாவதில் பாதி கிடைத்தாலே லாபம். வங்கிக் கடனை நம்பியிருந்தால் முன்பணம் கொடுக்கும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்; மண்சுவர் ஓட்டு வீட்டுக்குப் பல இடங்களில் தயங்குவார்கள்.

அடித்தளம் ஓடிக்கொண்டே இருப்பது, பின்பக்கச் சரிவு சாய்வது, வெள்ளம் தளத்துக்கு மேல் ஏறுவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுவேன். உளுத்த கழுக்கோலும் உரிந்த சுவரும் காசு கொடுத்தால் தீரும் விஷயங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். தூண்கள், நிலையும் கதவும், மச்சுப் பலகை, பத்தாயம் (நெல் வைக்கும் மரப்பெட்டி), ஊஞ்சல் சங்கிலி, அம்மி, ஆட்டுக்கல் ஈறாக வீட்டோடு சேர்வது என்னென்ன என்று பெயர் சொல்லி எழுதி, ஒவ்வொன்றின் படத்தையும் இணைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். முன்பணம் வாங்கியதற்கும் பத்திரப்பதிவுக்கும் இடையில் முன்வாசல் கதவு "அக்காவுக்குக் கொடுக்கணும்னு அப்பா சொல்லியிருந்தார்" என்று கிளம்பிப் போவதும், அந்த இடத்தில் ஒரு பிளைவுட் கதவு வந்து நிற்பதும் இந்த ஊரில் நடக்காத காரியம் இல்லை. பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள்.